நிச்சயதார்த்தத்துக்குப் பாய்மரப் படகில் போனவன்

கூச்சப்படுகிற ஆட்களை ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும். "தங்கமான மனுஷன், அதிர்ந்து பேசமாட்டாரு" என்பார்கள். உண்மை வேறு. எங்களுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாகத் தலை தானாக ஆடிவிடும். இப்படித் தலையாட்டித்தான் நான் சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தேன் (எனக்குப் பாட வராது). இப்படித் தலையாட்டித்தான் பக்கத்துத் தெருக்காரரிடம் நாய்க்குட்டி வாங்கி வந்தேன் (வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன). மகள் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் ஒரு பாய்மரப் படகில் ஏறியதும் இப்படித்தான்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், சாம்பிள் ரூமில் வேலை. வெளிநாட்டில் இருந்து வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் புது மாடல் ஷூவைக் கையால் செய்து கொடுக்கிற இடம் அது. ஒரு கால்தான் செய்வோம். வந்தவர் அதை மேசை மேல் வைத்துச் சுற்றிப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார், "நைஸ்" என்பார். அதோடு அந்த ஷூவின் ஆயுள் முடிந்தது. இத்தனை வருஷத்தில் நான் செய்த ஷூ ஒன்றைக்கூட யாரும் போட்டு நடந்தது கிடையாது. நடந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததும் கிடையாது.

எங்கள் முதலாளியின் இளைய மகன் இம்தியாஸ் சார். கம்ப்யூட்டர் படித்து வெளிநாட்டில் வேலை பார்த்தவர். தோல் பக்கமே வராதவர். திடீரென்று ஒரு பாய்மரப் படகு வாங்கி, கோவாவில் கிளம்பி, கேரளாவைத் தாண்டி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு புதுச்சேரி வந்து சேர்ந்திருந்தார். இன்னும் பாக்கி இருந்தது புதுச்சேரியில் இருந்து சென்னை மட்டும்தான். கூட வந்த தோஸ்துக்கு லீவு முடிந்துவிட்டதால் அவர் அங்கேயே இறங்கி விமானம் ஏறிவிட்டார். பொங்கல் முடிந்த அந்த வாரத்தில் சாரிடம் இருந்து எனக்குப் போன் வந்தது.

"தாஸண்ணா, ஸ்டியரிங் வீல் மேல இருந்த லெதர் வெயில்ல உரிஞ்சிடுச்சி. கைல புடிக்கவே பேஜாரா இருக்குது. சென்னையில அப்பா மாலையோட நிக்கப் போறாரு. அவரு கண்ணுல முதல்ல படறதே லெதர்தான். நீங்க வந்து புதுசா தெச்சிக் குடுத்துடுங்க."

"சரிங்க சார்."

"படகுல ஓரமா கருநீலக் கோடு ஒண்ணு ஓடும். போட்டோ அனுப்பறேன். அதே கலர் வேணும்."

"சரிங்க சார்."

அதே கலரைக் கொண்டுவந்தேன். ஆட்டுத்தோல் ஒன்றை எடுத்து, சாயம் ஏற்றி, காய்ந்ததும் மறுபடி ஏற்றி, போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்து, அக்காள் தங்கை மாதிரி ஆகும் வரை விடவில்லை. சாம்பிள் ரூமில் எல்லோரும் வந்து பார்த்து, "சூப்பர்ணா" என்றார்கள்.

சிக்கல் தேதியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு என் மகள் ஜெனிபருக்கு நிச்சயதார்த்தம். அவள் சென்னையில் நர்ஸ். மாப்பிள்ளை வீடு ராயபுரம். அங்கேயே சர்ச் ஹாலில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா ரிட்டையரான ஹெட்மிஸ்ட்ரஸ். பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் பழைய பயம் மொத்தமும் திரும்பி வந்து, நான் சமையலறையில் டீ ஆற்றுகிற சாக்கில் ஒளிந்துகொண்டேன். அந்த அம்மா போகும்போது வாசலில் நின்று கேட்டார்கள். "பொண்ணுக்கு அப்பா இருக்காரா இல்லையா? அப்பா முன்ன வந்து நிக்காத வீட்டுல நான் எப்படிச் சம்பந்தம் பண்றது?"

என் மனைவி எஸ்தர் அதற்கு அப்புறம் என்னை வைத்து ஒத்திகையே நடத்தினாள். "ஞாயித்துக்கெழமை மட்டும் நீங்க முன்னாடி வந்து நிக்கலன்னு வச்சிக்கோங்க, அந்தம்மா எழுந்து போய்ட்டே இருப்பாங்க. புள்ள மொகத்த அப்புறம் நான் பாக்க முடியாது. ஆமா, சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை புதுச்சேரி போய், சனிக்கிழமை மதியத்துக்குள் தைத்து முடித்து, சாயங்கால பஸ்ஸில் சென்னை போய்விடுவது என் திட்டம். ஆனால் அந்த வீல் ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்கு இருந்தது. இரண்டு ஊசி, மெழுகு நூல், ஒவ்வொரு தையலாக இழுத்து வர வேண்டும். சனிக்கிழமை மதியம் பாதி வட்டம்தான் ஆகியிருந்தது.

"இன்னாண்ணா, பாதிதான் ஆச்சா?" என்றார் சார். "காத்து நல்லா இருக்குது, இப்ப கிளம்பலன்னா மாட்டிக்குவேன். ஒண்ணு செய்வோம், நீங்களும் வந்துடுங்க. போறப்பவே மீதியத் தெச்சிடலாம். எனக்கும் துணைக்கு ஆள் இல்ல. நாளைக்குக் காலைல டிபன் சென்னையில. நாலு மணிக்குத்தான ஃபங்ஷன்? நானே கார்ல கொண்டாந்து விடறேன்."

தலை ஆடிவிட்டது.

எஸ்தருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஊர்ல பஸ்ஸே ஓடலியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கரை கண்ணுக்கு மறைவதற்கு முன்னாலேயே என் குடல் வாய் வழியாக வெளியே வந்து பார்த்துவிட்டது. தோல் ஊற வைக்கிற தொட்டிப் பக்கம் நின்று சோறு தின்றவன் நான். எந்த நாற்றமும் என்னை ஒன்றும் செய்யாது என்று பெருமை பேசியிருக்கிறேன். கடலில் நாற்றமே இல்லை, ஆட்டம்தான் இருக்கிறது என்பது தெரியாமல் போய்விட்டது.

"கீழ குனிஞ்சி தெக்காதீங்க, இன்னும் ஜாஸ்தியாவும்" என்றார் சார். "வீலப் புடிங்க. தூரத்துல கடலும் வானமும் சேர்ற எடத்தையே பாருங்க. சரியாப் போவும்."

வீலைப் பிடித்தேன். என்ன மாயமோ, வயிறு அடங்கியது. விட்டால் புரட்டியது. அதனால் அன்று முழுக்க வீலை விடவே இல்லை. அலை மேலே அடித்து முகத்தை நனைக்கும், நான் கையால் வழித்துக்கொண்டு மறுபடி பிடித்துக்கொள்வேன். தைக்க வேண்டியதும் அதே வீல்தானே, நடுநடுவே மீதித் தையலையும் போட்டு முடித்தேன். சார் கையில் படகுக்காரர்கள் போடுகிற கறுப்பு கிளவுஸ். எனக்கு வெறும் கை.

கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். படகு சென்னைப் பக்கம் போகவில்லை. அந்தமான் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"சார்... சென்னை அந்தப் பக்கம் இல்லீங்களா?"

"காத்து எதிர்ல அடிக்குதுண்ணா. நேரா போவ முடியாது. இப்படி ஒரு சாய்ப்பு, அப்படி ஒரு சாய்ப்புன்னு வெட்டி வெட்டித்தான் போவணும்."

ஜிக்ஜாக் தையல் என்று புரிந்தது. ஆனால் ஜிக்ஜாக் மெஷினில் துணியாவது முன்னால் நகரும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. இடது பக்கம் மகாபலிபுரத்துக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது. படகு திரும்பி நடுக்கடலுக்குப் போனது. மறுபடி திரும்பிக் கரைக்கு வந்தது. இடது பக்கம் மகாபலிபுரத்துக் கலங்கரை விளக்கம். (ஒரு தென்னைமரம் அளவுக்கு வேண்டுமானால் முன்னேறியிருப்போம்.)

படகில் இஞ்சின் இருந்தது. பார்த்தேன். நல்ல இஞ்சின். ஆனால் அதைத் தொடப்போவதில்லை என்று சார் சபதம் எடுத்திருந்தார். கோவாவில் இருந்தே ஒவ்வொரு ஊரிலும் அவர் அப்பா போன் போட்டு, "இஞ்சின் கீதுல்ல பேட்டா, போட்டுக்குனு சட்டுனு வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்தக் கோபத்தில், கடைசிக் கட்டமாவது சுத்தமாகக் காற்றிலேயே வந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

இஞ்சினைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். மனசுக்குள் நன்றாகத் தைத்து, ஓரம் மடித்து, தயாராக வைத்துக்கொண்டேன். 'சார், என் பொண்ணு நிச்சயதார்த்தம், இஞ்சினைப் போடுங்க.' வாயைத் திறந்தேன்.

"சார்..."

"சொல்லுங்கண்ணா."

"டீ போடட்டுங்களா?"

டீ குடித்தோம். அடுத்த முறை வாயைத் திறந்தபோது, "காத்து நல்லா வீசுது சார்" என்று வந்தது. அதற்கடுத்த முறை, "இந்தப் பக்கம் மீன் கெடைக்குமா சார்?" அவருக்கு என் மேல் ரொம்பச் சந்தோஷம். "உங்களுக்குக் கடல் புடிச்சிடுச்சிண்ணா" என்றார். ராயபுரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா புடவை கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆம்பூரில் இருந்து கிளம்பிய வேன் ராணிப்பேட்டையைத் தாண்டியிருக்கும். எனக்குக் கண் கலங்கியது. கையால் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"தாஸண்ணா... உங்க உதடு இன்னா இப்படி நீலமா இருக்குது?"

கிட்டே வந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பினார். நகங்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. படகு ஓட்டக் கற்றுக்கொண்ட இடத்தில் முதலுதவியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உதடு நீலம், நகம் நீலம் என்றால் உடம்பில் காற்று ஏறவில்லை, இதயம் தகராறு என்பது பாடம்.

"நெஞ்சு வலிக்குதா?"

தலை ஆடியது. (அதற்குத் தெரிந்ததே அவ்வளவுதான்.)

"எடது கை மரத்துப் போச்சா?"

இதற்கு ஆட்டியது உண்மைதான். ராத்திரி பூராவும் வீலைப் பிடித்தால் யாருக்கும் மரத்துப்போகும்.

"மூச்சு முட்டுதா?"

அவர் கேட்ட வேகத்தில் எனக்கே முட்டுவதுபோல இருந்தது. ஆட்டினேன்.

"யா அல்லா!" என்று ஒரே பாய்ச்சலாகப் போய் இஞ்சினைத் தட்டினார்.

இந்த உலகத்தில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. படகு முதல்முறையாகச் சென்னையைப் பார்த்து நேராக ஓடியது. பாய்களைச் சுருட்டிக்கொண்டே, "படுங்கண்ணா, அசையாதீங்க, இந்தப் பக்கம் அலை ஜாஸ்தி, கரையில எறங்க முடியாது, சென்னைக்குத்தான் போயாவணும்" என்றார். நான் படுத்தேன். என்னை அறியாமல் சிரித்தேன்.

"சிரிக்காதீங்கண்ணா! பயமா இருக்குது!"

எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் இஞ்சினை நிறுத்திவிடுவாரோ என்று ஒரு கணக்குப் போட்டேன். என் முகம் நீலம் என்பது எனக்குத் தெரியாது, பார்க்கக் கண்ணாடி இல்லை. கை நீலம் தெரியும். ஆனால் என் கை என்றைக்குத்தான் கையின் நிறத்தில் இருந்தது? போன வாரம் அது பிரவுன், அதற்கு முந்தின வாரம் பச்சை.

"கோஸ்ட் கார்டைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார் சார். அப்போது என் தலை, பிறந்ததில் இருந்து முதல்முறையாக, வலமும் இடமுமாக ஆடியது. எனக்கே அது புதுசாக இருந்தது.

போன் டவர் கிடைத்ததும் அவர் கம்பெனிக்குப் பேசினார். கம்பெனியில் இருந்து எஸ்தருக்குப் பேசினார்கள். நடுவில் என்ன என்ன சேர்ந்ததோ, நாங்கள் ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது கரையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று ஆம்புலன்ஸ். இன்னொன்று எங்கள் நிச்சயதார்த்த வேன்.

மொத்தக் கூட்டமும் அங்கே இருந்தது. பட்டுப்புடவையில் ஜெனிபர், கோட்டு போட்ட மாப்பிள்ளை, அழுது முகம் வீங்கிய எஸ்தர், பழத்தட்டு ஏந்திய சொந்தக்காரர்கள், பைபிளோடு போதகர், ரோஜா மாலையோடு எங்கள் பெரிய முதலாளி. எல்லோருக்கும் முன்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. சுற்றிலும் மீன் விற்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னாமே இது, ஆளு நீலமா கீறாரு!"

"நடுக்கடல்ல எதுனா கட்ச்சிருக்கும்கா."

என்னைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். நானே நடந்திருப்பேன். தூக்கவா என்று கேட்டார்கள், தலை ஆடிவிட்டது. போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். எஸ்தர், "ஐயோ, பஸ்ல வாங்கன்னு சொல்லாம வுட்டனே" என்று கதறினாள்.

ஜெனிபர் மட்டும் அழவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். புருவத்தை நெரித்தாள். மறுபடி பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் என் விரலை மூக்கருகே கொண்டுபோனாள். ஆம்புலன்ஸ்காரரிடம் இருந்து ஸ்பிரிட் பஞ்சு வாங்கி, என் கன்னத்தில் அழுத்தி ஒரு இழு இழுத்து, அந்தப் பஞ்சை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினாள்.

பஞ்சு கருநீலம். என் கன்னத்தில் ஒரு கோடு மட்டும் என் நிறம்.

"அப்பா," என்றாள். "ஈரத்துணி போட்டுத் தேச்சிப் பாத்தீங்களா, இல்லியா?"

தோல் வேலையில் கடைசியாகச் செய்கிற காரியம் அது. ஈர வெள்ளைத்துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டினால், மேலே நிறம் பிடித்து வைக்கிற மருந்து அடிக்க வேண்டும். சாம்பிள் ரூமில் நாங்கள் அதைச் செய்வதில்லை. மேசை மேல் நிற்கிற ஒற்றை ஷூவுக்கு எங்கே இருந்து ஈரம் வரும்? நான் தைத்துக் கொடுத்ததோ, பகலும் இரவும் உப்புத் தண்ணீர் அடிக்கிற வீலுக்கு.

பெரிய முதலாளி மாலையோடு படகுக்குள் எட்டிப் பார்த்தார். வீலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "கலரு மட்டும் ஒஸ்தியா கீது" என்றார். அப்புறம் மகன் பக்கம் திரும்பி, "இஞ்சின் போட்டியா பேட்டா?" என்று கேட்டார். இம்தியாஸ் சார் தலையைக் குனிந்தார். அந்த மாலை அவர் கழுத்தில் விழுந்தது. அத்தனை ஊரைச் சுற்றி வந்த மனுஷனின் சபதம் கடைசிக் கட்டத்தில் என்னால் போய்விட்டது. அவரோ ஸ்ட்ரெச்சர் பக்கம் வந்து, "நிஜமாவே ஒண்ணும் இல்லில்ல தாஸண்ணா?" என்று கேட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் சிரித்ததும் மீன்காரப் பெண்கள் சிரித்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் சிரித்தார். எஸ்தர் அழுகையை நிறுத்தாமலே சிரித்தாள். சிரிக்காமல் நின்றது ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மட்டும்தான். நேராக என்னிடம் வந்தார்கள். நான் ஸ்ட்ரெச்சரில் இருந்து இறங்கி, எதிரே போய் நின்றேன். ஒளிய அங்கே சமையலறை இல்லை.

"மணி என்ன?" என்று கேட்டார்கள்.

"நாலு ஆவப் போவுதும்மா" என்றார் யாரோ.

"பொண்ணோட அப்பா வந்தாச்சு. போதகர் இருக்காரு, மோதிரம் இருக்கு. ஹாலுக்குப் போற வழியில இவர மறுபடி எங்கியாவது தொலைச்சிட்டுத் தேட என்னால முடியாது. இங்கேயே வச்சிக்கலாம்."

சொல்லிவிட்டு, நான் ஓடிவிடாமல் இருக்க என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

வலை காயப்போடுகிற இடத்தில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்றோம். மீன்காரப் பெண்கள் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி தலையில் இருந்த மல்லிகையை எடுத்து ஜெனிபருக்கு வைத்துவிட்டாள். போதகர் என்னைப் பார்த்து, "உங்க மகளை இவருக்குக் கொடுக்க மனப்பூர்வமா சம்மதிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"வாயத் தெறந்து சொல்லுங்க, மிஸ்டர் தாஸ்" என்றார்கள் பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மா.

"சம்மதம்!"

நான்தான் கத்தினேனா என்று எனக்கே சந்தேகம். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்துபோயின. எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. எங்கள் கல்யாணத்தில்கூட நான் தலைதான் ஆட்டியிருந்தேன்.

அந்த நிச்சயதார்த்தப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தாலும் வயிறு வலிக்கும். ஜெனிபர் கன்னத்தில் ஐந்து விரல். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைக் கழுத்தில் கட்டைவிரல். போதகர் கொடுத்த கைகுலுக்கலுக்குச் சாட்சியாக அவர் பைபிள் அட்டையில் ஒரு நீலத் தீற்று. சம்பந்தியம்மாவின் சந்தனக் கலர் பட்டில் முழங்கை ஓரமாக என் முழுக் கையும். அது போகவே இல்லை. அந்த அம்மா அந்தப் புடவையைத் தூக்கிப்போடவும் இல்லை. "இது எங்க சம்பந்தி கையெழுத்து" என்று கேட்பவர்களிடம் எல்லாம் காட்டுவார்கள்.

பேரன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழந்தையைச் சம்பந்தியம்மா வைத்திருந்தார்கள். ஆசையாக இரண்டு கையையும் நீட்டினேன். "ஒரு நிமிஷம், மிஸ்டர் தாஸ்" என்று குழந்தையை எஸ்தரிடம் கொடுத்துவிட்டு, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, என் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தித் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ம். பாஸ்" என்ற பிறகுதான் குழந்தையை என் கையில் வைத்தார்கள். கட்டிலில் படுத்திருந்த ஜெனிபர், "அத்தை, சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது" என்று கெஞ்சினாள்.

அவனுக்கு இப்போது மூன்று வயது. நான் ராயபுரத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஈரக் கைக்குட்டையோடு ஓடி வந்துவிடுகிறான். நான் கையை நீட்டியபடி நிற்கிறேன். தேய்த்துப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, வீட்டுக்குள் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொல்கிறான்.

"இன்னும் சாயம் காயல தாத்தா!"